பிலாவிளைத் தேன், அரை கிலோ

நினைத்த பேர் கிடைக்கவில்லை.
மார்த்தாண்டம் என்று எப்படி எழுதினாலும்
யாரோ முன்னமே வளைத்துப்போட்டு
டாலரில் விலை சொன்னார்கள்.
கடையில்லை, சரக்கில்லை,
காலி மனையில் கல் மட்டும் நட்டதுபோல.

அதனால் வீட்டுப்பேரை எடுத்தேன்.
கரண்ட் பில்லிலும்
கோயில் வரிச்சீட்டிலும் தவிர
யாருக்கும் தேவைப்படாத பேர்.
பிலா நின்றது எந்தக் காலமோ,
இப்போது சுற்றிலும் ரப்பர்.

முதலெழுத்து பி போடவா, பி போடவா
என்று கொழுந்தி மேபல் கேட்டாள்.
பி போடு என்றேன்.
போட்டாள், வேறொரு பி.
ளகரத்துக்கு ஓரெழுத்தா ரெண்டா என்பதில்
ஒரு சாயங்காலம் போயிற்று.
எண்ணூற்று நாற்பத்தொன்பது ரூபாய், ஒரு வருசத்துக்கு.
சொந்த வீட்டுப்பேருக்கு வாடகை.

ரப்பர் வெட்டிவிட்டு வந்த செல்வின்
"கடை எங்க?" என்றார்.
"இதாக்கும் கடை."
போனை வாங்கித் திருப்பி
அதன் முதுகையும் ஒருமுறை பார்த்தார்.

வெள்ளை வேட்டி விரித்து
சன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைப் படமெடுத்தேன்.
எல்லாவற்றிலும் கண்ணாடிக்குள் நான்,
நைட்டியோடு, தேன் நிறத்தில்.
இருபத்திரண்டாவது படத்தில்தான் என்னைக் காணவில்லை.
அதை ஏற்றினேன்.

"எங்களைப் பற்றி" என்ற பக்கம்
மூன்று நாள் வெறுமனே கிடந்தது.
தரமே தாரக மந்திரம் என்று எழுதி
எனக்கே சிரிப்பு வந்து அழித்தேன்.
பெட்டி முப்பத்தெட்டு.
மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது
பூவிலிருந்தல்ல, இலைக்காம்பில் ஊறுவதை எடுக்கின்றன.
இதைப் போய் எழுதுவார்களா?
எழுதினேன்.

முதல் வாரம் வந்து பார்த்தவர்கள் பதினொன்று.
அதில் எட்டு நான், ரெண்டு மேபல்.
மிச்சம் ஒன்று யார் என்று
படுக்கையில் புரண்டுகொண்டிருந்தேன்.

தாராபுரத்துக்காரர்.
அரை கிலோ, ஒன்று.
பழைய ஷீட் ரப்பரில் சுற்றி
குலசேகரத்தில் கூரியருக்குக் கொடுத்தால்
தொண்ணூற்றைந்து என்றான்.
கூலியைக் கூட்ட மறந்திருந்தேன்.
ஆனாலும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது,
நன்றாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு படம் வந்தது:
பாட்டிலின் அடியில் வெள்ளை.
கீழே எழுதியிருந்தார்,
*சீனிப்பாகு விற்க வெட்கமாக இல்லையா.*

பணத்தைத் திருப்பினேன்.
எழுநூறு கிலோமீட்டர் சுற்றிவிட்டு
பாட்டில் என் செலவில் வீடு வந்தது.
சுடுவெள்ளத்தில் நிறுத்தினேன்.
முக்கால் மணி நேரத்தில்
பேசாமல் தன் நிறத்துக்குத் திரும்பியது.
அதைத்தான் சொல்லவேண்டும், ஆனால் யாரிடம்?

"மலைத்தேன்னு போட்டுரு,
எல்லாரும் அப்பிடித்தான் போடுதாவ"
என்றார் செல்வின், சாப்பிட்டபடியே.

ராத்திரி உட்கார்ந்து
விலைக்கும் மேலே முதல் வரியாய் எழுதினேன்:
*இது உறையும். ரப்பர்த் தேன் அப்படித்தான்.
சுடுவெள்ளத்தில் நிறுத்தினால் இளகும்.*
பிறகு யோசித்து
வெள்ளத்தை அடித்துத் தண்ணீர் என்று மாற்றினேன்.
தாராபுரத்தில் வெள்ளம் என்றால்
வீட்டை விட்டு ஓடுவார்கள்.

அந்த மாதம் ஒருவரும் வாங்கவில்லை.
அடுத்த மாதமும்.
இடவப்பாதி பிடித்துக்கொண்டது.
அலமாரியில் தேன்
அடியிலிருந்து மேலாக, விரற்கடை விரற்கடையாக,
வெளுத்துக்கொண்டே வந்தது.
மேபல் பாட்டில்களைத் திருப்பி வைத்தாள்,
ஸ்டிக்கர் மறைக்கட்டும் என்று.

நேற்று, மணி பதினொன்று,
கரண்ட் போய் வந்த நேரம்,
ஓசூரிலிருந்து ஒரு பெண்:
*முழுக்க உறைந்ததாகவே கிடைக்குமா?
ரொட்டியில் தடவ வேண்டும். வழியக் கூடாது.
ரெண்டு.*

முதலில் கூலியைக் கூட்டினேன்.
பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு
அலமாரிக்கு முன்னால் குந்தியிருந்து
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்துப் பார்த்தேன்,
அசையாதது எதுவென்று.